எந்த டிரைவில் எந்த டேப் ஓடும்? எல்டிஓ பேக்கப் தொடங்குவோருக்கு

நான் முன்பு வேலை பார்த்த வீடியோ எடிட்டிங் அலுவலகத்தில் எல்டிஓ-6 டேப் டிரைவ் ஒரு நாள் நின்றுபோனது. எல்டிஓ என்பது காந்த டேப்பில் தரவைச் சேமிக்கும் ஒரு தரம், பின்னால் வரும் எண் அதன் தலைமுறை. அலமாரியில் நாற்பதுக்கும் மேற்பட்ட எல்டிஓ-6 கார்ட்ரிட்ஜ்கள், அதாவது டேப் சுருள் அடங்கிய பெட்டிகள், இருந்தன. ஐந்து வருட வேலை முழுக்க அவற்றில்தான். புதிதாக எல்டிஓ-8 டிரைவ் வாங்கினோம். "பின்னால் இரண்டு தலைமுறை வரைக்கும் படிக்கும், கவலையே வேண்டாம்" என்று விற்றவர் சொன்னார். முதல் கார்ட்ரிட்ஜைச் செருகினேன். சில நொடிகள் ஏதோ சத்தம், அப்புறம் அப்படியே வெளியே தள்ளிவிட்டது. இரண்டாவதும் அப்படித்தான், மூன்றாவதும் அப்படித்தான். அன்று மாலைதான் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். விற்றவர் சொன்ன விதி எல்டிஓ-7 வரைக்கும்தான் செல்லும்.

டேப் பேக்கப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் "எத்தனை டெராபைட், என்ன விலை" என்று கேட்டு வாங்கிவிடுகிறார்கள். "இன்று எழுதுவதை ஏழு வருடம் கழித்து எந்த டிரைவில் வைத்துப் படிப்பேன்?" என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் நல்ல சூழலில் முப்பது வருடம் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். டிரைவ் அவ்வளவு காலம் தாங்காது. தாங்கினாலும் அதைச் செருகுவதற்கான கார்டு இருக்காது. ஆகவே பொருத்தம் பார்ப்பது என்பது வாங்கும் நாளில் முடிகிற வேலை இல்லை. அதை எப்படிப் பார்ப்பது என்று இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

இந்தக் காலத்தில் டேப்பா என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் கோளாறால் சிறு பகுதி ஜிமெயில் பயனர்களின் அஞ்சல்கள் காணாமல் போயின. வட்டுகளில் பல பிரதிகள் வைத்திருந்தும் கோளாறு அவற்றையும் தொட்டுவிட்டது. கூகுள் கடைசியில் டேப்பிலிருந்துதான் அஞ்சல்களை மீட்டது. அலமாரியில் தனியாகக் கிடக்கும் கார்ட்ரிட்ஜை எந்த மென்பொருள் பிழையும், தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் எந்த ரான்சம்வேரும் எட்ட முடியாது. வட்டில் இருப்பதோடு கூடுதலாக ஒரு பிரதியை டேப்பில் வைப்பதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

முதல் படி: கையில் இருப்பது என்ன?

பழைய அலுவலகங்களில் பெட்டியைத் திறந்தால் பல வகை டேப்கள் கலந்து கிடக்கும். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியதாக, உள்ளே இரண்டு சுருள்களோடு இருந்தால் அது பெரும்பாலும் டிடிஎஸ் அல்லது டாட். பாட்டு பதிவு செய்யும் டாட் கேசட்டிலிருந்து வந்த வகை. உள்ளங்கையை நிரப்பும் சதுரக் கட்டியாக, உள்ளே ஒரே ஒரு சுருளோடு இருந்தால் டிஎல்டி, எஸ்டிஎல்டி, எல்டிஓ இவற்றில் ஒன்றாக இருக்கலாம். இவை பார்க்க ஒரே ஜாடையில் இருப்பதால் அவசரத்தில் மாற்றிச் செருகத் தோன்றும். ஒன்றின் டிரைவ் இன்னொன்றை ஏற்காது. வலுக்கட்டாயமாகத் தள்ளினால் டிரைவுக்குத்தான் சேதம். ஐபிஎம்-இன் பெரிய நிறுவனங்களுக்கான 3592 வகைக் கார்ட்ரிட்ஜும் அளவில் எல்டிஓ மாதிரியே இருக்கும், அதுவும் வேறு சாதி.

இன்று புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எல்டிஓ மட்டும்தான் நடைமுறையில் உள்ள தேர்வு. ஐபிஎம், எச்பி, சீகேட் மூன்றும் சேர்ந்து உருவாக்கி 2000-இல் வெளியிட்ட பொதுத் தரம் இது. ஒரு நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ் இன்னொரு நிறுவனத்தின் டிரைவில் ஓடும். தலைமுறை பொருந்தினால் போதும், பிராண்டு பொருந்தத் தேவையில்லை. ஆகவே இனி எல்டிஓ பற்றியே பேசுகிறேன்.

கார்ட்ரிட்ஜின் முகப்பில் அல்லது உடலிலேயே தலைமுறை எண் அச்சாகியிருக்கும். பார்கோடு ஒட்டியிருந்தால் இன்னும் எளிது. பார்கோட்டின் கடைசி இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். எல்5 என்றால் எல்டிஓ-5, எல்6 என்றால் எல்டிஓ-6. எல்டிஓ-9 வரை, எல் என்ற எழுத்துக்குப் பின் எண்ணுக்குப் பதிலாக இன்னோர் ஆங்கில எழுத்து வந்தால், உதாரணமாக எல்டபிள்யூ, எல்எக்ஸ் என்று இருந்தால், அது ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய வோர்ம் கார்ட்ரிட்ஜ். எல்டபிள்யூ ஆறாம் தலைமுறை, எல்எக்ஸ் ஏழாம் தலைமுறை. இதில் எழுதியதை அழிக்கவோ மாற்றவோ டிரைவ் அனுமதிக்காது. கணக்கு ஆவணங்களுக்கு இது நல்லது. தினசரி பேக்கப்புக்குத் தவறுதலாக வாங்கினால் ஒரு சுற்றோடு காசு போச்சு. சிஎல்என் என்று தொடங்கினால் அது டேப்பே இல்லை, டிரைவைச் சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜ்.

நிறத்தை வைத்துத் தலைமுறையை ஊகிக்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி நிறம் போடும்.

இரண்டாம் படி: தலைமுறைக் கணக்கு

அதிகம் தவறு நடக்கிற இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எல்டிஓ-1 முதல் எல்டிஓ-7 வரையிலான டிரைவ்களுக்கு விதி ஒன்றுதான். தன் தலைமுறைக் கார்ட்ரிட்ஜையும் ஒரு தலைமுறை பழையதையும் எழுதும், படிக்கும். இரண்டு தலைமுறை பழையதைப் படிக்க மட்டும் செய்யும். அதன்படி:

எல்டிஓ-5 டிரைவ்: 5, 4 எழுதும், படிக்கும். 3 படிக்க மட்டும்.
எல்டிஓ-6 டிரைவ்: 6, 5 எழுதும், படிக்கும். 4 படிக்க மட்டும்.
எல்டிஓ-7 டிரைவ்: 7, 6 எழுதும், படிக்கும். 5 படிக்க மட்டும்.

எட்டாம் தலைமுறையிலிருந்து கதை மாறுகிறது.

எல்டிஓ-8 டிரைவ்: 8, 7 எழுதும், படிக்கும். 6-ஐத் தொடவே தொடாது.
எல்டிஓ-9 டிரைவ்: 9, 8 எழுதும், படிக்கும். 7-ஐத் தொடாது.
எல்டிஓ-10 டிரைவ்: 10 மட்டும்.

கடைசி வரியை இன்னொரு முறை பாருங்கள். 2025-இல் வந்த எல்டிஓ-10 டிரைவில் எல்டிஓ-9 கார்ட்ரிட்ஜைக்கூடப் படிக்க முடியாது. எழுத முடியாது என்பதோடு நிற்கவில்லை, படிக்கவும் முடியாது. "எல்லாவற்றிலும் புதியதை வாங்கினால் பழையதும் ஓடும்" என்ற கணினிப் பழக்கம் இங்கே செல்லாது.

ஏன் இப்படி? டேப்பின் அகலம் அன்றும் இன்றும் அரை அங்குலம்தான். அந்த அரை அங்குலத்தில் எல்டிஓ-1 மொத்தம் 384 தடங்களை எழுதியது. எல்டிஓ-6 அதையே 2,176 ஆக்கியது. எல்டிஓ-8-இல் 6,656. அதே வயலில் வரப்பை நெருக்கி நெருக்கிப் போடுவது மாதிரி. தடம் மெலிய மெலிய, அதைப் படிக்கும் ஹெட்டும் மாற வேண்டும். எல்டிஓ-8-இல் ஹெட்டின் தொழில்நுட்பமே மாறியது. புது ஹெட்டை வைத்துப் பழைய அகலத் தடங்களைப் படிக்கச் செய்வது கடினம் என்ற நிலையில், பழைய டேப்களின் ஆதரவை ஒரு தலைமுறை குறைத்தார்கள்.

எதிர்த் திசையில் எதுவுமே நடக்காது. புது கார்ட்ரிட்ஜைப் பழைய டிரைவில் எந்தக் காலத்திலும் பயன்படுத்த முடியாது. எல்டிஓ-7 கார்ட்ரிட்ஜ் மலிவாகக் கிடைக்கிறது என்று எல்டிஓ-6 டிரைவ் வைத்திருப்பவர் வாங்கினால் அது காகிதம் பறக்காமல் மேலே வைக்கத்தான் உதவும். அதே சமயம், எல்டிஓ-7 டிரைவில் எல்டிஓ-6 கார்ட்ரிட்ஜ் ஒன்றை எழுதினால் அது எல்டிஓ-6 வடிவத்திலேயே, 2.5 டெராபைட் அளவுக்கே எழுதப்படும். அதை எடுத்துக்கொண்டு போய் எல்டிஓ-6 டிரைவ் வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்தால் அவரும் படிக்கலாம். இரண்டு இடங்களுக்கு இடையே டேப் போய்வரும் என்றால் இது பெரிய உதவி.

பழைய டேப்கள் ஒரு குவியலாகக் கையில் இருந்தால், எந்த டிரைவ் பாலமாக இருக்கும் என்று பார்க்க வேண்டும். 5, 6 இரண்டும் கலந்து இருந்தால் எல்டிஓ-7 டிரைவ்தான் சரி. அது ஐந்தைப் படிக்கும், ஆறைப் படிக்கும், ஏழில் எழுதும். 7-இலிருந்து 9-க்குப் போக வேண்டுமென்றால் நடுவில் ஓர் எல்டிஓ-8 டிரைவ் தேவை. அல்லது 7-ஐப் படிக்க ஒரு டிரைவும், எழுத எல்டிஓ-9 டிரைவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடையில் வட்டில் இறக்கி ஏற்ற வேண்டும். நாங்கள் அந்த நாற்பது கார்ட்ரிட்ஜுக்காகக் கடைசியில் செகண்ட் ஹேண்டில் எல்டிஓ-7 டிரைவ் ஒன்றைத் தேடி வாங்கினோம். ஒவ்வொன்றாகப் படித்து, எல்டிஓ-8-இல் மறுபடி எழுதி முடிக்க இரண்டு மாதம் ஆனது. அந்த எல்டிஓ-7 டிரைவை இன்றும் உறை போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். எழுதாத புத்தம்புது எல்டிஓ-7 கார்ட்ரிட்ஜை எல்டிஓ-8 டிரைவில் தனி வகையாகத் தயார் செய்து, 6 டெராபைட்டுக்குப் பதில் 9 டெராபைட் எழுத வழி உண்டு. பார்கோட்டில் எம்8 என்று முடியும். விலைக்கு நல்ல பேரமாகத் தோன்றும். ஆனால் அப்படி எழுதியதை எல்டிஓ-7 டிரைவ் படிக்காது, எல்டிஓ-9 டிரைவும் படிக்காது. எல்டிஓ-8 டிரைவ் ஒன்றே அதற்குக் கதி. நீண்ட காலம் வைக்க வேண்டிய எதையும் எம்8-இல் எழுதாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. வேறு எவரிடமாவது எம்8 கார்ட்ரிட்ஜ் வாங்கிவந்து "எல்டிஓ-7 தானே" என்று நினைத்துவிடவும் கூடாது.

மூன்றாம் படி: பெட்டியின் மேல் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

எல்டிஓ-8 கார்ட்ரிட்ஜின் உறையில் "30 டெராபைட்" என்று பெரிதாகவும் "12 டெராபைட்" என்று சிறிதாகவும் போட்டிருக்கும். நிஜக் கொள்ளளவு 12. முப்பது என்பது, டிரைவ் தரவை இரண்டரை மடங்கு சுருக்கிவிடும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு. எல்டிஓ-5 வரை இந்த அனுமானம் இரண்டு மடங்காக இருந்தது, ஆறிலிருந்து இரண்டரை ஆக்கிவிட்டார்கள். உரைக் கோப்புகள், தரவுத்தளங்கள் நன்றாகச் சுருங்கும். புகைப்படம், வீடியோ, ஜிப் கோப்புகள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, மேலும் சுருங்காது. ஆகவே திட்டமிடும்போது நிஜ அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: எல்டிஓ-5 என்றால் 1.5 டெராபைட், 6 என்றால் 2.5, 7 என்றால் 6, 8 என்றால் 12, 9 என்றால் 18, 10 என்றால் 30.

நான்காம் படி: கணினியோடு இணைப்பது

டிரைவும் கார்ட்ரிட்ஜும் பொருந்திவிட்டன. இப்போது டிரைவும் கணினியும் பொருந்த வேண்டும். புதியவர்கள் பலர் டிரைவ் கைக்கு வந்த பிறகுதான் இதை யோசிக்கிறார்கள்.

வீட்டுக் கணினியில் இருக்கும் சாட்டா இணைப்பிலும் சாதாரண யுஎஸ்பியிலும் எல்டிஓ டிரைவ் நேரடியாகச் சேராது. முதல் சில தலைமுறைகள் இணை ஸ்கஸி என்ற அகலக் கேபிளில் வந்தன. அதற்கான கார்டுகள் பலவற்றை இன்றைய மதர்போர்டுகளில் செருகுவதற்கே இடமில்லை. இன்று நீங்கள் தேட வேண்டியது சாஸ் இணைப்புள்ள டிரைவ். சாஸ் என்பது சர்வர்களில் வட்டு, டேப் டிரைவ்களை இணைக்கும் முறை. அதற்குக் கணினியில் ஒரு சாஸ் கார்டு வேண்டும். எச்பிஏ என்று கேளுங்கள், பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கார்டு வேண்டாம். பல ரெய்டு கார்டுகள் டேப் டிரைவைக் கண்டுகொள்ளாது.

கார்டு பெயரின் கடைசியில் 8இ என்று இருந்தால் இணைப்பு கணினிக்கு வெளியே நீட்டியிருக்கும், 8ஐ என்று இருந்தால் உள்ளே இருக்கும். தனிப் பெட்டியில் வரும் வெளி டிரைவுக்கு 8இ வகை. எல்எஸ்ஐ 9207-8இ, 9300-8இ போன்றவை செகண்ட் ஹேண்ட் சந்தையில் எளிதில் கிடைக்கும். இவற்றில் முன்னதில் எஸ்எஃப்எஃப்-8088 என்ற பழைய வாய், பின்னதில் எஸ்எஃப்எஃப்-8644 என்ற புதிய சிறிய வாய். டிரைவின் பின்பக்கம் எந்த வாய் என்று புகைப்படத்தில் பார்த்துவிட்டு, இரு முனைக்கும் ஏற்ற கேபிளை வாங்குங்கள். ஒரு முனை 8088, மறு முனை 8644 என்று கலப்புக் கேபிளும் உண்டு, ஆகவே வாய் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம்.

கணினிக்குள் பொருத்தும் டிரைவ் என்றால் அதன் பின்பக்க இணைப்பு சாட்டா மாதிரியே தெரியும். ஆனால் சாட்டாவில் நடுவே இருக்கும் இடைவெளி இதில் அடைபட்டிருக்கும், சாட்டா கேபிள் ஏறாது. முழு உயரம், அரை உயரம் என்று இரண்டு அளவுகளில் டிரைவ்கள் வரும். சிடி டிரைவ் வைக்கும் இடம் காலியாக இருக்கிற கேபினெட்டில் அரை உயரம் அடங்கும். காற்றோட்டம் வேண்டும், டேப் டிரைவ் நன்றாகவே சூடாகும்.

ஃபைபர் சேனல் என்று எழுதியிருந்தால் அது தனி உலகம். தரவு மையங்களில் பல டேப்களைத் தானே மாற்றிச் செருகும் லைப்ரரி இயந்திரங்களிலிருந்து கழற்றி விற்கும் மலிவு டிரைவ்கள் பல இந்த வகைதான். கார்டு, கேபிள் எல்லாம் வேறு. முன்முகப்பு இல்லாமல், லைப்ரரியின் தகரச் சட்டத்தோடு, தனி மின் இணைப்பு தெரியாமல் வரும். விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், முதல் டிரைவாக இது வேண்டவே வேண்டாம். மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு தண்டர்போல்ட் இணைப்போடு வரும் டிரைவ்கள் உண்டு, விலை அதிகம், தலைவலி குறைவு.

பயன்படுத்திய டிரைவ் வாங்கும்போது

புது எல்டிஓ டிரைவ் லட்சக்கணக்கில் போகும். அதனால் வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் பயன்படுத்திய டிரைவ் வாங்குவது இயல்பு. கார்ட்ரிட்ஜை உள்ளே இழுத்தாலே "வேலை செய்கிறது" என்று விற்பவர்கள் எழுதிவிடுவார்கள். அது போதாது. எச்பி டிரைவ்களுக்கு லைப்ரரி அண்ட் டேப் டூல்ஸ் என்ற இலவசச் சோதனை மென்பொருள் உண்டு, ஐபிஎம் டிரைவ்களுக்கு ஐடிடிடி. இவற்றால் ஒரு காலி கார்ட்ரிட்ஜை வைத்து எழுதிப் படித்துச் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால், திருப்பித் தரும் வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள். வந்ததும் அன்றே சோதியுங்கள்.

உங்கள் முக்கியமான பழைய டேப்பை முதல் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். உள்ளே கோளாறு உள்ள டிரைவ் டேப்பைச் சுருட்டிக் கிழித்துவிடலாம். தேவையில்லாத ஒரு கார்ட்ரிட்ஜை முதலில் பலி கொடுங்கள். பழைய டேப்பைச் செருகும் முன் அதன் ஓரத்தில் உள்ள சின்ன எழுதுதடுப்புப் பொத்தானைப் பூட்டு நிலைக்குத் தள்ளிவிடுங்கள்.

ஐந்தாம் படி: மென்பொருளும் பொருந்த வேண்டும்

கார்ட்ரிட்ஜை டிரைவ் ஏற்றுக்கொண்டுவிட்டால் எல்லாம் படித்துவிடலாம் என்று நினைக்கிறோம். ஒரு மென்பொருள் எழுதிய டேப்பை இன்னொரு மென்பொருள் பெரும்பாலும் புரிந்துகொள்ளாது. எந்த வகையில் எழுதுகிறோம் என்பது தலைமுறை அளவுக்கே முக்கியம்.

லினக்ஸில், கோப்புகளை ஒரே கட்டாகச் சேர்க்கும் டார் கட்டளையே போதும். அது பல பத்தாண்டுகளாக இருக்கிறது, இனியும் இருக்கும். பெரிய சூழலுக்கு பாக்குலா, பேரியோஸ் போன்ற திறமூல மென்பொருள்கள் உண்டு. விண்டோஸில் சர்வர் 2008 முதல் கூடவே வரும் பேக்கப் மென்பொருள் டேப்பில் எழுதாது, வேறு மென்பொருள் வாங்க வேண்டும்.

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது எல்டிஎஃப்எஸ். ஐபிஎம் 2010-இல் வெளியிட்டது, இன்று ஐஎஸ்ஓ தரமாகவும் இருக்கிறது. டேப்பை ஒரு பென் டிரைவ் போல ஏற்றி, கோப்புகளை இழுத்துப் போடலாம். டேப்பின் ஒரு சிறு பகுதியில் பட்டியல், மீதியில் தரவு என்று பிரித்து வைக்கும். அந்தப் பிரிவு வசதி எல்டிஓ-5-இல்தான் வந்தது, ஆகவே எல்டிஓ-4-இல் எல்டிஎஃப்எஸ் கிடையாது. கோப்பை அழித்தால் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும், இடம் திரும்பக் கிடைக்காது. நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள டேப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடச் சொன்னால் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். படங்களை டேப்பிலிருந்தே நேரடியாகப் புரட்டிப் பார்க்க முயலாதீர்கள்.

எல்டிஓ-4-இலிருந்து டிரைவே தரவைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யும். டிரைவ், கார்ட்ரிட்ஜ் இரண்டுமே நான்காம் தலைமுறை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். எல்டிஓ-4 டிரைவில் எல்டிஓ-3 கார்ட்ரிட்ஜைப் போட்டால் குறியாக்கம் கிடைக்காது. சாவி தொலைந்தால் டேப்பும் தொலைந்த மாதிரிதான், எந்த நிறுவனமும் மீட்டுத் தராது. சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு, டேப் இருக்கும் இடத்தை விட்டு வேறோர் இடத்தில் வையுங்கள்.

ஆறாம் படி: முதல் முறை எழுதும்போது

எல்டிஓ-9 கார்ட்ரிட்ஜை முதன்முதலாகச் செருகும்போது டிரைவ் தன்னை அதற்கேற்பச் சரிசெய்துகொள்ளும். சராசரியாக நாற்பது நிமிடம், சில நேரம் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து நடுவில் நிறுத்தாதீர்கள். ஒரு கார்ட்ரிட்ஜுக்கு ஒரு முறைதான்.

டேப்புக்கு வேகமாகத் தரவு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்டிஓ-8 நொடிக்கு 360 மெகாபைட் வரை எழுதும். அந்த வேகத்தில் 12 டெராபைட் நிரம்ப ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். தரவு தாமதமாக வந்தால் டிரைவ் முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதற்கும் கீழே போனால் டேப்பை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் இழுத்து, மறுபடி ஓடவிடும். செருப்புக்குப் பாலிஷ் போடுவது மாதிரி முன்னும் பின்னும் தேய்ப்பது. நேரமும் வீண், டேப்பும் ஹெட்டும் தேயும். ஒரு கிகாபிட் நெட்வொர்க் வழியாக நொடிக்குச் சுமார் 110 மெகாபைட்தான் வரும். லட்சக்கணக்கான சின்னக் கோப்புகளை ஒரே ஹார்டு டிஸ்கிலிருந்து எடுத்தால் அதைவிட மோசம். முதலில் எல்லாவற்றையும் அதே கணினியின் எஸ்எஸ்டியில் ஒரு பெரிய டார் கோப்பாகச் சேர்த்துவிட்டு, அதை டேப்புக்கு அனுப்புங்கள். லினக்ஸில் எம்பஃபர் என்ற சிறு நிரலும் இதற்கு உதவும்.

லினக்ஸில் டேப் டிரைவுக்கு இரண்டு பெயர்கள் இருக்கும்: எஸ்டி0, என்எஸ்டி0. முன்னதைப் பயன்படுத்தினால் வேலை முடிந்ததும் டேப் தானாகத் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். அடுத்த பேக்கப்பை எழுதினால் பழையதன் மேலேயே எழுதும். ஒரே கார்ட்ரிட்ஜில் பல பேக்கப்களை வரிசையாக எழுத என்எஸ்டி0-வைத்தான் பயன்படுத்த வேண்டும். இந்த ஓர் எழுத்தால் தரவை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

எழுதும்போது எந்தத் தொகுதி அளவு (ஒரு தடவையில் டேப்பில் எழுதும் தரவின் அளவு) கொடுத்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். படிக்கும்போது அதைவிடச் சிறிய அளவு கொடுத்தால் பிழை வரும், டேப் கெட்டுவிட்டது என்று பதறிவிடுவீர்கள்.

வைத்துப் பாதுகாப்பது

நீண்ட காலம் வைக்கும் டேப்புக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பம், 20 முதல் 50 சதவீத ஈரப்பதம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஏசி இல்லாத அறையில் ஈரப்பதம் பெரும்பாலான நாட்கள் இதைத் தாண்டும். பெரிய அறையைக் குளிரவைக்க முடியாவிட்டால், கேமரா லென்ஸ் வைக்கும் ஈரப்பதக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று வாங்கி 40 சதவீதத்தில் வையுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்த டேப்பை உடனே செருகாமல், டிரைவ் இருக்கும் அறையில் ஒரு நாள் விட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கீழே விழுந்த கார்ட்ரிட்ஜை அப்படியே டிரைவில் போடக் கூடாது. டேப்பின் முனையில் ஓர் உலோக ஊசி இருக்கும், டிரைவ் அதைப் பிடித்துத்தான் டேப்பை இழுக்கும். பக்கவாட்டுக் கதவைத் திறந்து அது நேராக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் டிரைவுக்குள் சிக்கிக்கொள்ளும்.

பழைய டேப்பை அழிக்கக் காந்தம் வைக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் உண்டு. எல்டிஓ-வில் ஹெட்டுக்கு வழிகாட்டும் தடங்களைத் தொழிற்சாலையிலேயே எழுதி அனுப்புகிறார்கள். காந்தம் அவற்றையும் அழித்துவிடும். டிரைவால் அவற்றை மறுபடி எழுத முடியாது. அந்தக் கார்ட்ரிட்ஜ் அதோடு குப்பைதான். குப்பையில் போடுவதே நோக்கம் என்றால் காந்தம் வையுங்கள், மறுபடி பயன்படுத்த எண்ணமிருந்தால் வேண்டாம்.

டிரைவைச் சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜை வாராவாரம் போட வேண்டியதில்லை. டிரைவே கேட்கும். ஐபிஎம் டிரைவ்களின் சின்னத் திரையில் சி என்ற எழுத்து தெரியும். யுனிவர்சல் வகை வாங்கினால் எல்டிஓ-1 முதல் 9 வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும், சுமார் ஐம்பது முறை வரும்.

வாங்கும் நாளிலேயே செய்ய வேண்டிய இரண்டு வேலைகள்

கார்ட்ரிட்ஜைக் கொஞ்சம் சேர்த்தே வாங்குங்கள். எல்டிஓ கார்ட்ரிட்ஜ் தயாரிப்பவை ஃபியூஜிஃபில்ம், சோனி என்ற இரண்டே நிறுவனங்கள். மற்ற பிராண்டுகள் எல்லாம் இவர்களிடமிருந்து வாங்கி ஒட்டுபவை. இந்த இருவருக்கும் இடையே நடந்த காப்புரிமை வழக்கால் எல்டிஓ-8 கார்ட்ரிட்ஜ் கிடைப்பதே அரிதாகி, 2019 ஆகஸ்டில் சமரசம் ஆன பிறகுதான் நிலைமை சீரானது. டிரைவ் கையில் இருந்தும் எழுத டேப் இல்லாமல் இருந்தவர்கள் அப்போது உண்டு.

அப்புறம் ஒவ்வொரு கார்ட்ரிட்ஜ் பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். தலைமுறை, எந்த டிரைவில் எழுதியது, எந்த மென்பொருள், அதன் பதிப்பு, தொகுதி அளவு, குறியாக்கம் உண்டா, சாவி எங்கே, எழுதிய தேதி. இவ்வளவும் அதில் இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு முறை, ஏதாவது ஒரு கார்ட்ரிட்ஜை எடுத்து, முடிந்தால் எழுதிய டிரைவில் இல்லாமல் வேறொரு டிரைவில், முழுவதும் படித்துப் பாருங்கள். படிக்க முடிந்த தேதியையும் அதே காகிதத்தில் எழுதுங்கள். அந்தப் பழைய அலுவலகம் இப்போது எல்டிஓ-8-இல் இருக்கிறது. எல்டிஓ-9 டிரைவ் சந்தையில் கிடைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த நகர்த்தலை முடித்துவிட வேண்டும் என்று அங்கே உள்ள காகிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறது.